சுகிர்தாவின் சனிக்கிழமைச் சேதிகள்

செவ்வாய்க்கிழமை இரண்டாம் பீரியட் முடிந்து ஸ்டாஃப் ரூமில் வந்து உட்கார்ந்தபோது போன் அடித்தது. சென்னை எண். சுகிர்தாவை வெளிநாட்டுக்கு அனுப்பிவைத்த மிஷன் ஊழிய அலுவலகத்திலிருந்து பேசுவதாக ஒருவர் சொன்னார். மூன்று வருஷத்தில் அந்த அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு போன்கூட வந்ததில்லை. வரவே கூடாது என்றுதான் நானும் வேண்டிக்கொண்டிருந்தேன். சுகிர்தா வகுப்பை முடித்துவிட்டு மாடிப்படி இறங்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாளாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டதாம். கடைசியில் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சிஸ்டர், நீங்கதானே அவங்க ஜெபத் துணை? திருவெறும்பூர்ல இருக்கற அவங்க அப்பாகிட்ட போன்ல சொல்ல எங்களுக்கு மனசு வரலை. நீங்க நேர்ல போய்ச் சொல்லிட முடியுமா?"

நம் பள்ளியில் அவளோடு வேலை பார்த்த உங்களுக்கு அவளைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இருபத்திரண்டு வருஷம் ஆங்கிலம் எடுத்தவள். ஸ்டாஃப் ரூமில் எனக்கு அடுத்த நாற்காலி. எந்தப் பையனாவது 'யெஸ்டர்டே ஐ கோ' என்று ஆரம்பித்தால் போதும், "நேத்திக்கு எந்த பஸ்டா போகுது? எனக்கும் ஒரு சீட் போடு" என்பாள். வகுப்பே சிரிக்கும். அந்தப் பையன் அப்புறம் ஆயுசுக்கும் 'வென்ட்' என்பதை மறக்க மாட்டான். அப்படிப்பட்டவள் நாற்பத்தெட்டாவது வயதில் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு மிஷன் தொண்டராக வெளிநாட்டில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கக் கிளம்பினாள். எந்த நாடு என்று நான் எழுதப் போவதில்லை. என் பயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அவளிடம் படித்தவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

அவள் போவதில் அவள் அப்பாவுக்குத் துளிக்கூட சம்மதமில்லை. ஞானமுத்து ஐயா ஃபாக்டரியில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், சபையில் மூப்பர். வருஷா வருஷம் மிஷனரிகளை அனுப்பிவைக்கும் ஆராதனையில் முன்வரிசையில் நின்று ஆமென் சொல்கிறவர். ஆனால் ஊரார் பிள்ளைகள் போவது வேறு, தன் ஒரே பெண் போவது வேறு. மனைவி காலமாகி, வீட்டில் மிஞ்சியிருந்தது மகள் மட்டும்தான். போவதானால் என்னோடு பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவள் போனாள், பேசவும் இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் இரண்டு பேரும் அவ்வளவு கெட்டி.

ஒவ்வொரு தொண்டருக்கும் ஊரில் ஒரு ஜெபத் துணை இருக்க வேண்டும் என்பது அந்த அலுவலகத்தின் விதி. வாராவாரம் தொண்டர் தன் தேவைகளை எழுதி அனுப்புவார். துணையாக இருப்பவர் அதற்காக ஜெபிக்க வேண்டும். சுகிர்தா படிவத்தில் என் பெயரை எழுதினாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஸ்ரீரங்கத்தில் பெருமாள் தீர்த்தம் வாங்காமல் காபி குடிக்காத வீட்டில் பிறந்தவள் நான். அவள் சிரிக்கவில்லை. "எனக்காக ஜெபம் பண்ண சபையில நிறைய பேர் இருக்காங்க, வேதா. பண்ணிட்டு நிம்மதியா தூங்கிடுவாங்க. எனக்குத் தூங்காம கவலைப்பட ஒரு ஆள் வேணும். அதுல உன்னைவிட்டா யாரு?" என்றாள். வேதவல்லி என்று முழுப் பெயர் எழுதாமல் 'வேதா, ஸ்ரீரங்கம்' என்று நிறுத்திக்கொண்டாள். அவள் சொந்த ஊர் லால்குடிப் பக்கம். அங்கே கிறிஸ்தவர்களை வேதக்காரர்கள் என்றுதான் சொல்வார்களாம். நீ பேரிலேயே வேதக்காரி, யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்று தைரியம் சொன்னாள். என்றைக்கு மாட்டிக்கொள்வோமோ என்று அன்றைக்குப் பிடித்த நடுக்கம்தான் எனக்கு. "நம்மாத்துக் கவலை உனக்குப் போறலையா?" என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்கும் அவள் போனதில் முழு சம்மதம் இருந்தது என்று சொன்னால் பொய். ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன் என்று விசா வாங்கிக்கொண்டு மனசுக்குள் வேறு ஒன்று வைத்திருப்பது சரியா என்று ஒரு நாள் சண்டையே போட்டேன். ஆங்கிலத்தை ஒழுங்காகச் சொல்லிக்கொடுப்பதுதான் தன் ஊழியம், யாராவது தானாகக் கேட்டால் மட்டும் பதில் சொல்வேன் என்றாள். எனக்குப் பாதிதான் சமாதானம். கிளம்புகிற அன்றைக்கு ஜங்ஷன் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு, எழுத்தில் சாமி, ஜெபம், சபை என்று எதுவும் வராது, பார்த்துப் புரிந்துகொள் என்று மட்டும் சொன்னாள். அந்த வார்த்தைகளுக்குப் பதிலாக என்னென்ன போடுவார்கள் என்று அவர்கள் பயிற்சி முகாமில் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் எந்த முகாமுக்குப் போனேன்?

முதல் சேதி ஒரு சனிக்கிழமை காலையில் போனில் வந்தது. வகுப்பு ஆரம்பித்தாயிற்று, பதினோரு பேர், நர்ஸுகளும் கடைக்காரர்களும். அரசு அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து பாடப்புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். 'பயமா இருக்கு, வேதா. அப்பாகிட்ட சொல்லு. அப்பாதான் பாத்துக்கணும்.' இதைப் படித்ததும் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஐந்து மாசமாகப் பேசாத அப்பாவை அவளாகத் தேடுகிறாளே! சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, துவாக்குடி பஸ் பிடித்து, திருவெறும்பூருக்குப் போய் ஐயா வீட்டுக் கதவைத் தட்டினேன். கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். சேதியைச் சொன்னேன். சுகிர்தா அப்பாகிட்ட சொல்லச் சொன்னா என்றேன். அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். வகுப்பில் எத்தனை பேர் என்று மட்டும் கேட்டார். நான் கிளம்பும்போது, "அடுத்த வாரமும் ஏதாவது வந்தா சொல்லுங்க, டீச்சர்" என்றார்.

வீட்டுக்கு வந்து அவளுக்கு எழுதினேன்: அப்பாகிட்ட சொல்லிட்டேன், கவலைப்படாதே. 'ரொம்ப நன்றி, வேதா' என்று பதில் வந்தது. அடுத்தடுத்த சனிக்கிழமைகளிலும் இதே கதைதான். சேதி வரும், துவாக்குடி பஸ் பிடிப்பேன், ஐயாவிடம் சொல்லிவிட்டு வருவேன், நன்றி வரும். இதெல்லாம் போதாதென்று தாயார் சந்நிதியில் அவள் பெயருக்கு ஓர் அர்ச்சனையும் பண்ணினேன். சுகிர்தா என்ற பெயரில் அர்ச்சகருக்குச் சந்தேகமே வரவில்லை. நட்சத்திரம் கேட்டபோதுதான் விழித்து, என்னுடையதையே சொல்லிவைத்தேன்.

அந்த நாட்களில் அவளுக்கு இருந்த பெரிய பயம் ஒரு வார்த்தை. 'ஹூ', 'வாட்', 'வேர்' எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டாள். ஏன் என்று கேட்கிற 'ஒய்'யை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். அந்த வார்த்தையைக் கற்றுக்கொண்ட மறுநிமிஷம் அவர்கள் கேட்கப்போகும் முதல் கேள்வி, நீங்கள் ஏன் இங்கே வந்தீர்கள் என்பதுதானே. 'ஒய்' இல்லாம எத்தனை வாரம் ஓட்டலாம், வேதா என்று எழுதினாள். இருபது வருஷ அனுபவத்தையெல்லாம் திரட்டி, 'ஹவ்'வை இரண்டு வாரம் இழு என்று யோசனை சொன்னேன். இழுத்தாள். எட்டாவது வாரம் வேறு வழியில்லாமல் 'ஒய்'யைப் பலகையில் எழுதினாள். அன்றைக்குப் பார்த்து அந்த அரசு அலுவலக ஆட்கள் இரண்டு பேரும் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நர்ஸ் எழுந்து, ஒரு தப்பும் இல்லாமல் கேட்டாளாம்: ஒய் டிட் யூ கம் ஹியர்?

அப்பா அனுப்பினார், அதனால் வந்தேன் என்று சொல்லியிருக்கிறாள் சுகிர்தா. உங்கள் அப்பா என்ன செய்கிறார் என்று கடைசி பெஞ்சிலிருந்து கேட்டிருக்கிறார்கள். ஃபாக்டரியில் இன்ஸ்பெக்டர், திருச்சி பக்கம் திருவெறும்பூர், இரும்பில் தலைமுடி அளவு விரிசல் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார் என்று, அவர்கள் எழுதிக்கொள்கிற வேகத்துக்கு நிறுத்தி நிறுத்திச் சொன்னாளாம். அவர்கள் எழுதிக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். அன்றைக்கே போய் ஐயாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். "நான் அனுப்பினேன்னா சொன்னா?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். ஓடிக்கொண்டிருந்த டி.வி.யை அணைத்தார். தட்டில் போட்டிருந்த சோற்றைத் தொடவில்லை.

இதை அப்படியே அவளுக்கு எழுதினேன். அப்பாகிட்ட எல்லாம் சொன்னேன், டி.வி.யை அணைச்சிட்டார், சாப்பிடவே இல்லை. எழுதிய ஐந்தாவது நிமிஷம் போன் வந்தது. அதுவரை அவள் பேசியதே இல்லை; பேசுவது ஆபத்து என்பாள். மூச்சு வாங்கும் குரலில், "வேதா, நீ எந்த அப்பாகிட்ட சொன்னே?" என்று கேட்டாள்.

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. அவள்தான் விளக்கினாள். அவர்கள் கணக்கில் அப்பா என்றால் கடவுள், சொல்லு என்றால் ஜெபம் பண்ணு. எட்டு வாரமாக நான் போய்ச் சொன்னது தப்பான விலாசத்தில். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாத ஒரு சத்தம் போனில் வந்தது. அப்புறம் கெஞ்சினாள்: "அவர்கிட்ட சொல்லிடாதே. நான்தான் சொல்லி அனுப்பினேன்னு அவர் நினைச்சுக்கட்டும். நீ பாட்டுக்குப் போயிட்டிரு." நானும் போய்க்கொண்டிருந்தேன். அதற்கப்புறமும் அவள் சேதிகளில் அப்பாகிட்ட சொல்லு என்றுதான் வரும். மாத்திரை ஒழுங்காகப் போட்டுக்கொள்ளச் சொல்லு என்று சில சமயம் கூட ஒரு வரி இருக்கும். ஐயா சொன்னதை நான் அவளுக்கு எழுதுவேன். அவர்கள் இருவரும் நேராக ஒரு தடவைகூடப் பேசிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும், வாய் தவறி உளறிவிடுவேனோ என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அந்த வீட்டுக்குள் நுழைவேன்.

சாவுச் சேதி வந்த அந்தச் செவ்வாய்க்கிழமை, எச்.எம்.மிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் வாக்கியம் வாக்கியமாகக் கூட்டிப் பார்த்தேன். ஐயா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த துண்டு அப்படியே நின்றது. "இன்னிக்குச் செவ்வாய்க்கிழமைதானே, டீச்சர்?" என்றார். அதற்குமேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஐயா என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். அங்கேயே அடக்கம் பண்ணிவிடட்டும், அவள் போக ஆசைப்பட்ட இடம்தானே என்றார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "முதல் சேதி எனக்கு வந்தது இல்லைன்னு எனக்குத் தெரியும்மா. அம்பது வருஷமா காலையில அப்பாங்கற வார்த்தையைச் சொல்லித்தான் முழங்கால் போடறேன். ஆனா சொன்னா நீங்க வர்றதை நிறுத்திடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு."

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது, என்மேலேயே. "அவளுக்கும் தெரியுங்க, ஐயா. எட்டாவது வாரமே தெரியும். தெரிஞ்ச பிறகும் உங்களுக்குத்தான் அனுப்பிட்டிருந்தா" என்றேன். இந்த ஒரு வரியை இரண்டரை வருஷத்துக்கு முன்னால் நான் சொல்லியிருந்தால் அவர்கள் பேசியிருப்பார்கள். அவள் சொல்லாதே என்றாள், நான் சொல்லவில்லை. கவலைப்படத் தெரிந்த எனக்கு வாயைத் திறக்கத் தெரியவில்லை. இதை உங்களிடம் ஒப்புக்கொள்ளத்தான் இவ்வளவும் எழுதினேன். ஐயாவிடம் முழுவதும் படித்துக் காட்டிவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

அவர் என் போனைக் கேட்டு வாங்கினார். எட்டாவது வாரத்திலிருந்து கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். விசா நீடிப்பு, நர்ஸுகளின் பரீட்சை, குளிர், முழங்கால் வலி, எல்லாவற்றின் முடிவிலும் அப்பாகிட்ட சொல்லு. "இதுல எனக்கு எது, அவருக்கு எது?" என்று கேட்டார். மறுபடியும் முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

போன சனிக்கிழமை எனக்குச் சேதி எதுவும் வரவில்லை. இனி வராது. ஆனாலும் காலையில் கால் நிற்கவில்லை, பஸ் ஏறிவிட்டேன். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தச் சனிக்கிழமையும், திருவெறும்பூரில் கதவைத் திறக்கிற அந்த மனிதரும்தான். ஐயா நாற்காலியை இழுத்துப் போட்டார். இன்றைக்குச் சொல்ல ஒன்றும் இல்லைங்க என்றேன். உங்களுக்குக் கவலை ஒன்றுமே இல்லையா என்று கேட்டார். எனக்கா இல்லை? பெங்களூரில் இருக்கும் என் பெண்ணுக்கு இது எட்டாம் மாசம், பிரஷர் இறங்கவே இல்லை, டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லியிருக்கிறார், எனக்கு லீவும் இல்லை என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பெண்ணின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"சரி, நீங்க போயிட்டு வாங்க" என்றார். "நான் அப்பாகிட்ட சொல்லிடறேன்."