மூன்றாவது கோப்பை

எங்கள் விடுதியின் ஹவுஸ்மைஸ்டர் ஒரு கறுப்பு அமெரிக்கர். உடைந்ததைத் திருத்துவது, வருகிறவர்களுக்குச் சாமான் கொடுப்பது, சண்டை பிடிக்கிறவர்களை விலக்குவது எல்லாம் அவர் வேலை. எண்பத்தைந்தாம் ஆண்டு, ஜெர்மனியில், பிராங்பேர்ட்டிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில், ஒரு பழைய ஹோட்டலை அகதிகளுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். முதல் வாரம் எங்களுக்குள் அவரை என்ன சொல்லிக் குறிப்பிட்டோம் என்பதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. வரும் வழியில் என் பயணப்பை மொஸ்கோவில் தொலைந்துபோனது. அந்தச் சொல் மட்டும் ஊரிலிருந்து பத்திரமாக வந்து சேர்ந்திருந்தது.

அறையில் நாங்கள் மூன்று பேர். நான், என்னோடு ஒரே வகுப்பில் படித்த என் சிநேகிதன், எங்களுக்கு முன்பே வந்துவிட்ட எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர். விடுதிக்குள் நுழைந்த அன்று ஹவுஸ்மைஸ்டர் ஆளுக்கொரு போர்வை, தட்டு, கரண்டி, நீலக் கோடு போட்ட வெள்ளைக் கோப்பை என்று எண்ணிக் கையில் தந்து கையெழுத்து வாங்கினார். என் சிநேகிதன் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "டேய், புதுசடா," என்றான்.

அவனும் நானும் கொழும்பிலிருந்து ஒன்றாகப் புறப்பட்டவர்கள். மொஸ்கோ விமான நிலையத்தில் இரண்டு நாள் கிடந்தோம். கையிலிருந்த காசுக்கு ஒரு தேநீர்தான் வாங்கலாம். கடதாசிக் கோப்பையில் அவன் பாதி குடிப்பான், நான் மீதியைக் குடிப்பேன். அடுத்த முறை நான் முதலில். கிழக்கு பெர்லினில் இறங்கி எல்லையைத் தாண்டியபோது பனி கொட்டியது. எங்களிடம் இருந்தது ஒரு சோடிக் கையுறை. ஆளுக்கு ஒன்று போட்டுக்கொண்டு, மற்றக் கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நடந்தோம்.

அன்று மாலை வாத்தியார் மின்சார அடுப்பில் தேநீர் வைத்தார். வைத்துக்கொண்டே அவனிடம், "தம்பி ஆற்றை மோன்?" என்று கேட்டார். அவன் அப்பாவின் பெயரைச் சொன்னான். வாத்தியாரின் குரல் மாறவில்லை. "ஓ, தெரியும் தெரியும்," என்று சிரித்தார். பிறகு இரண்டு கோப்பைகளில் தேநீரை ஊற்றினார். மூன்றாவது கோப்பையை எடுத்து அலுமாரித் தட்டில் வைத்தார். கடுகு விழுது அடைத்து விற்கும் கண்ணாடிக் கிளாஸ் ஒன்று வெறுமையாகக் கிடந்தது. அதைக் கழுவி, அதில் ஊற்றி, கையில் கொடுக்காமல் யன்னல் விளிம்பில் வைத்தார். "தம்பி, குடியும்," என்றார்.

எங்கள் ஊரில் அவனுடைய ஆட்களுக்குத் தேநீர்க் கடைகளில் தனித் தகரப் பேணி இருந்த காலம் ஒன்று உண்டு. கடைகளில் அது போராடி நிறுத்தப்பட்டுவிட்டது. வீடுகளில் யாரும் நிறுத்தவில்லை. எங்கள் வீட்டிலும்தான்.

அவன் ஒரு முறை என்னைப் பார்த்தான். நான் என் தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தேன். அவன் போய் யன்னல் விளிம்பிலிருந்து கிளாஸை எடுத்தான். அன்றிலிருந்து அதுதான் அவனுடைய கிளாஸ்.

ஊரில் என் தங்கைக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வாத்தியாருக்கு வேண்டியவர்கள். வாத்தியார் வாரம் தவறாமல் ஊருக்குக் கடிதம் எழுதுகிறவர். இங்கே யார் யாரோடு ஒட்டி உறவாடுகிறார்கள் என்பது பத்து நாளில் எங்கள் வாசலுக்குப் போய்விடும். அதனால்தான் வாய் திறக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது காரணமா சாக்கா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை.

சனவரியில் அறையின் ஹீட்டர் நின்றுபோனது. ஹவுஸ்மைஸ்டர் சாவியும் குறடுமாக வந்து, ஒரு பிற்பகல் முழுக்க மல்லுக்கட்டி அதைச் சூடாக்கினார். அதற்குள் வாத்தியாருக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. அமெரிக்கர் அல்லவா. அலுமாரித் தட்டிலிருந்து மூன்றாவது கோப்பையை இறக்கி, நிறையச் சீனி போட்டுத் தேநீர் கொடுத்தார். "எப்பிடி இந்த நாட்டுக்கு வந்தவர் எண்டு கேளும் தம்பி," என்றார். ஆங்கிலம் எனக்குத்தான் ஓரளவு ஓடும். அவர் சொல்லச் சொல்ல நான் எங்கள் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

இரண்டாம் உலகப் போரில் அவர் லொறிப் படையில் சார்ஜன்ட். கறுப்பர்களுக்குப் பெரும்பாலும் லொறியும் மூட்டையும்தான். வெள்ளையர்களோடு ஒன்றாகச் சண்டை பிடிக்க விடுவதில்லை. படுக்கை வேறு, சாப்பாட்டு மேசை வேறு. போரின் கடைசிக் குளிர்காலத்தில் காலாட்படையில் ஆட்கள் செத்து விழுந்து முடிந்ததும், கறுப்பர்களில் விரும்பியவர்கள் வரலாம் என்றார்கள். ஒரு நிபந்தனை. ஒரு வெள்ளையனுக்கும் மேலே நிற்கக் கூடாது, ஆகவே பதவிப் பட்டிகளைக் கழற்றிவிட்டுச் சாதாரணச் சிப்பாயாக வர வேண்டும். இவர் தன் சட்டைக் கையில் தைத்திருந்த மூன்று பட்டிகளையும் சவர பிளேட்டால் தானே வெட்டி எடுத்தாராம்.

"என்னத்துக்கு?" என்று வாத்தியார் கேட்டார்.

"சண்டை பிடிச்சா மனுசராய்ப் பாப்பினம் எண்டு நினைச்சன்," என்றார்.

கறுப்பர் பிரிவு ஒன்றை வெள்ளையர் படைக் கொம்பனியோடு ஒட்டவைத்தார்கள். இங்கே, ரைன் ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஏதோ ஒரு கிராமத்துக்கு வெளியே ஷெல் விழுந்து எல்லோரும் சிதறினார்கள். இவரும் வேறு பிரிவின் வெள்ளைக்காரன் ஒருவனும் ஒரே குழிக்குள் அகப்பட்டுவிட்டார்கள். இரண்டு நாள். அவனுடைய தண்ணீர்ப் போத்தலில் ஓட்டை. இவருடைய போத்தலில் இருவரும் மாறி மாறிக் குடித்தார்கள். அவன் தன் தாயின் படத்தைக் காட்டினான். பிழைத்துப் போனால் வீட்டுக்குக் கட்டாயம் வர வேண்டும், அம்மா கோழி பொரித்துத் தருவா என்றான்.

போர் முடிந்தது. கறுப்பர்களைத் திரும்பவும் மூட்டை தூக்க அனுப்பினார்கள். பிரான்சில் ஒரு துறைமுகத்தில் இவர் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தபோது அந்தக் கொம்பனி கப்பலேற வந்தது. குழியில் கூட இருந்தவனைக் கண்டு இவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பக்கத்தில் நின்றவன், "ஆரடா அவன்?" என்று கேட்டான். அவன் திரும்பிப் பார்த்துவிட்டு, "எங்களோடை ஒட்டி நிண்ட ஒருத்தன்," என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனான்.

அமெரிக்காவில் இறங்கி ஊருக்குப் போகிற ரயிலில் ஜெர்மன் கைதிகளை முன்னால் உட்கார்த்திச் சாப்பாடு கொடுத்து, இவரைத் திரைக்குப் பின்னால் அனுப்பியதையும் சொன்னார். "அது எனக்குப் பெரிசில்லை. அந்த ரயில்காரங்கள் ஆரெண்டே எனக்குத் தெரியாது," என்றார். பிறகு திரும்பவும் படையில் சேர்ந்து இந்த நாட்டுக்கு வந்து, இங்கேயே கல்யாணம் முடித்துத் தங்கிவிட்டார்.

வாத்தியார் கொதித்துப் போனார். "இதென்ன அநியாயம்! ஒண்டாச் சாகலாம், ஒண்டா இருந்து சாப்பிடேலாதோ? மனுசரோ அவங்கள்?" என்றார். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். நல்ல ஆவேசத்தோடு சொன்னேன் என்று ஞாபகம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது இப்போது நினைத்தால்.

கட்டிலில் இருந்த என் சிநேகிதன், "அந்த ஆள் பிறகு எழுதினவனோ எண்டு கேள்," என்றான்.

எழுதினானாம். இருபது வருசம் கழித்து. செய்ததை நினைத்து வருந்தாத நாளில்லை என்று.

"பதில் போட்டவரோ?"

"இல்லை," என்றார் ஹவுஸ்மைஸ்டர். "எனக்கு அது அண்டைக்குத் துறைமுகத்திலை வேணும். இருபது வருசத்துக்குப் பிறகு என்னத்துக்கு?"

தேநீர் அவருக்குத் திகட்டிவிட்டது போலும். தண்ணீர் குடிக்க எழுந்து, யன்னல் விளிம்பிலிருந்த கிளாஸை எடுத்தார். வாத்தியார் பதறியடித்துக்கொண்டு பாய்ந்தார். "ஐயோ, அதை வேண்டாமெண்டு சொல்லும் தம்பி!"

"அது வெடிச்ச கிளாஸ்," என்றேன் நான்.

அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு கீறலும் இல்லை. பிறகு வாத்தியாரின் கோப்பையைப் பார்த்தார். என் கோப்பையைப் பார்த்தார். தான் குடித்த கோப்பையைப் பார்த்தார். மூன்றையும் அவர்தானே எங்கள் கைகளில் தந்தவர். கடைசியாக, நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த என் சிநேகிதனைப் பார்த்தார். விளக்கம் ஒன்றும் அவருக்குத் தேவைப்படவில்லை.

என்னிடம் திரும்பி, மெதுவாக, "இவர் உன்ரை சிநேகிதனோ?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அந்த அளவு ஆங்கிலம் என் சிநேகிதனுக்கும் தெரியும். வாத்தியாருக்கும் தெரியும். இரண்டு பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"எங்கடை ஊராள்," என்றேன்.

ஹவுஸ்மைஸ்டர் என்னை விட்டுத் திரும்பினார். தான் குடித்த கோப்பையைக் குழாயடியில் கழுவி, தன் கைக்குட்டையால் துடைத்து, என் சிநேகிதனின் கையில் கொடுத்தார். முதல் நாள் கொடுத்தது போலவே. பிறகு கடுகுக் கிளாஸில் தண்ணீர் பிடித்து நின்றபடியே குடித்துவிட்டு, குறடையும் சாவியையும் எடுத்துக்கொண்டு போனார்.

அந்த வாரமே என் சிநேகிதனுக்கு மேல்மாடியில் வேறு அறை கிடைத்தது. போர்வை, தட்டு, கரண்டி, கோப்பை நான்கையும் எடுத்துக்கொண்டு போனான். "போட்டு வாறன்" என்றுகூடச் சொல்லவில்லை. நானும் படிவரை போகவில்லை. இரண்டு மாதத்தில் அவனை வேறு நகரத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஹவுஸ்மைஸ்டர் அதன் பிறகும் என்னோடு மரியாதையாகத்தான் பேசினார். ஹீட்டர் சூடாக இருக்கிறதா, யன்னல் சரியாகப் பூட்டுகிறதா என்று கேட்பார். போரைப் பற்றி ஒரு சொல்லும் என்னிடம் பிறகு சொன்னதில்லை. தங்கையின் சம்பந்தம் சாதகம் பொருந்தவில்லை என்று குழம்பிப் போனது.

அவனுக்கு மூன்று தரம் கடிதம் எழுதினேன். மூன்றையும் கிழித்தேன். எழுதத் தொடங்கினால் அந்த வெள்ளைக்காரன் எழுதியதைத்தான் நானும் எழுதிக்கொண்டிருந்தேன்.

எண்பத்தொன்பதில், அலுவலகமொன்றில் நேரம் குறித்துத் தந்திருந்த ஒரு Termin விஷயமாக பீலெஃபெல்ட் நகருக்குப் போனேன். ரயில் நிலையத்தில் அவனே என்னைக் கண்டு வந்தான். கொஞ்சம் உடம்பு வைத்திருந்தான். பக்கத்தில் அவன் மனைவி, ஊரிலிருந்து வந்து நான்கு மாதம் என்றான். சுகம் விசாரித்தான். வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் எனக்குக் கோப்பி வாங்கித் தந்தான். கடதாசிக் கோப்பை. இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன்.

அதற்குள் அந்தப் பெண் முகமெல்லாம் சிரிப்பாக அவனிடம் கேட்டாள். "இஞ்சருங்கோ, மொஸ்கோவிலை உங்களோடை ஒரு கோப்பைத் தேத்தண்ணியைப் பாதி பாதியாக் குடிச்சவர் எண்டு சொல்லுவீங்களே, அந்தச் சிநேகிதனோ இவர்?"

அவன் என்னைப் பார்த்தான். கோபம் ஒன்றும் இல்லை.

"இல்லை," என்றான். "இவர் எங்கடை ஊராள்."

அவர்களுடைய ரயில் வந்தது. ஏறி, யன்னலோரம் உட்கார்ந்து, இரண்டு பேரும் எனக்குக் கை காட்டினார்கள். நானும் காட்டினேன்.