கணேசமூர்த்தி ஒப்படைத்த பெட்டிகள்

நியாலாஸ் ஊர்க்காரர் கணேசமூர்த்தி தமக்குக் கடிதம் வந்தால், முதலில் உறையின் ஒட்டைத்தான் பார்ப்பார். யாராவது பிரித்துப் படித்துவிட்டு ஒட்டியிருக்கலாம் அல்லவா? ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். வார இதழொன்றில் 'பச்சை மிளகாய்' என்ற பத்தியில் ஒய்.பி. எனப்படும் சட்டமன்ற உறுப்பினர்களையும் அவர்கள் மேடையில் பேசும் தமிழையும் ஒருசேர வறுத்தெடுத்தவர். பொன்னாடைக்கு மயங்குகிறவன் பேனாவைத் தொடக்கூடாது என்பது அவர் வகுத்த சட்டம்.

மலாக்கா நகரில் ஓர் ஆவணக் காப்பகம் அவருடைய தாள்களைக் கேட்டது. வந்த பெருமை அரை நிமிடம்கூடத் தங்கவில்லை.

"எவனோ ஒய்.பி. அனுப்பின ஆளு. என் எழுத்துல பிழை தேடப் போறாங்க."

"தேடட்டுமே. நீங்க ஊருக்கெல்லாம் தேடலையா?" என்றார் மனைவி பவானேஸ்வரி.

ஒரு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு தாள்களைச் சலித்தார். ஒய்.பி.யோடு பல் தெரியச் சிரிக்கும் படங்கள், தம் பெயருக்குக் களங்கம் தரக்கூடிய வாழ்த்து அட்டைகள், எல்லாம் எண்ணெய்த் தகரத்தில் எரிந்தன. மிச்சத்தைப் பெட்டியில் அடுக்கும் வேலையை மட்டும் மனைவியிடம் விட்டார். அவருடைய சந்தேகம் அன்றைக்குக் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டது.

காப்பகத்து அலுவலர் தேவிஸ்ரீ, வாசகர் வட்டத்தார் முன்னிலையில் முதல் பெட்டியைத் திறந்தார். மேலே சிவப்புப் பொன்னாடை. அடியில் பச்சை. அதற்கும் அடியில் சந்தன நிறம், ஜரிகையோடு. ஈரம் படாமல், பூச்சி அரிக்காமல், ஒவ்வொரு கட்டும் பொன்னாடையில் பொதியப்பட்டிருந்தது. ஒன்றில் ஒய்.பி.யின் பெயர்ச்சீட்டு ஊசி குத்தியபடியே இருந்தது.

வாசகர்கள் கைப்பேசியை எடுத்தார்கள்.

"ஐயா, இதெல்லாம் உங்களுதுங்களா? உங்களுதுன்னா பதிவு பண்ணிடறேன். இல்லன்னா குடுத்தவங்களுக்கே அனுப்பிடலாம், பேரு இருக்கு லா."

"நான் பார்த்ததே இல்லை. யாரோ சதி செய்திருக்கிறார்கள்," என்றார் கணேசமூர்த்தி. நெருக்கடியில் அவருக்குச் செந்தமிழ்தான் வரும்.

"என்ன சதி? நான்தான் சுத்தினேன். குளிருக்கு அந்தச் செவப்பைப் போத்திக்கிட்டுத்தானே ஒய்.பி.யைத் திட்டி எழுதுவீங்க?" என்றார் கூட வந்திருந்த பவானேஸ்வரி.

"அது என்னுடையது அல்ல!"

"அப்ப சரி. தொவச்சு மடிச்சு வச்சது நானு, என்னுதுதான். எழுதிக்கம்மா, நான் குடுக்கறேன்."

தேவிஸ்ரீ எழுதிக்கொண்டார்.

இப்போது கூடத்தின் நடுவே, கண்ணாடிப் பேழையில் 'பவானேஸ்வரி சேகரிப்பு' விரிந்து கிடக்கிறது. எந்தத் தேர்தலுக்கு யார் போர்த்தியது என்று அம்மையார் சொன்ன விளக்கமும் உண்டு. தோட்டத்து ஜனங்கள் வேன் பிடித்து வந்து பார்க்கிறார்கள். கணேசமூர்த்தியின் தாள்கள் உள்ளறையில் இருக்கின்றன. கேட்டால் எடுத்துத் தருவார்கள். இதுவரை கேட்டவர் அவர் ஒருவரே. சனிக்கிழமை தவறாமல் வந்து, யாராவது எதையாவது திருத்திவிட்டார்களா என்று தாள் தாளாகப் பார்க்கிறார்.

உள்ளறையில் ஏர்கோன் குளிர் கடுமை. போன வாரம் தேவிஸ்ரீயைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தச் சிவப்பைக் கொஞ்ச நேரம் போர்த்திக்கொள்ளத் தர முடியுமா என்று கேட்டாராம்.

"குடுத்தவங்க கையெழுத்து வேணும் ஐயா."

வீட்டில் இன்னும் கேட்கவில்லை. ஸ்வெட்டர் வாங்கியிருக்கிறார்.