லைன் இல்லாத பதினோரு நாள்

மாடியில் சோலார் போட்ட பிறகு எனக்கு வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது. பேராவூரணிப் பக்கம் எங்கள் தெருவில் முதலில் போட்டது நாங்கள்தான். என் வீட்டுக்காரர் துபாயில் ஏசி மெக்கானிக். பகலில் மாடியில் உற்பத்தியாகும் கரண்டில் வீட்டுச் செலவு போக மிச்சம் லைனில் ஏறி மின்வாரியத்துக்குப் போகும். இரவில் வாரியத்திடமிருந்து நாங்கள் வாங்கிக்கொள்வோம். வித்தியாசத்துக்கு மட்டும் பில். பேட்டரியும் சேர்த்துப் போடலாமா என்று மாட்ட வந்தவர் கேட்டபோது, "வாரியமே நமக்கு பேட்டரிதானே" என்று வீட்டுக்காரர் போனிலேயே வேண்டாமென்று சொல்லிவிட்டார். தெருவில் கரண்டு போனாலும் எங்கள் வீட்டில் மட்டும் ஃபேன் சுற்றும். "எங்களுக்கு வெயிலு இருந்தாப் போதும்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. மாமியாரும் போன பிறகு அவ்வளவு பெரிய வீட்டில் நான் மட்டும்தான். மாடியில் அன்றைக்கு எத்தனை யூனிட் ஓடியது என்று காட்டும் ஆப் ஒன்று வீட்டுக்காரர் போனில் இருந்தது. தினம் சாயங்காலம் டூட்டி முடிந்து கூப்பிடுவார்.

"இன்னைக்குப் பன்னெண்டுதான் காட்டுது. தொடச்சியா?"

"காலையிலயே தொடச்சாச்சுங்க."

"கிழக்கால மரத்து நிழல் விழுதோ என்னமோ. ஓலைய வெட்டச் சொல்லு."

அவ்வளவுதான் எங்கள் தாம்பத்தியம். காய்ச்சல் என்று நான் சொன்ன அன்றுகூட யூனிட்டை விசாரித்துவிட்டுத்தான் மாத்திரையை விசாரித்தார். அந்தப் பேனல்களைச் சக்களத்தியைத் துடைப்பது போலத்தான் தினமும் துடைத்தேன்.

பிறகு புயல் வந்தது. ஒரே இரவில் தென்னைகள் வரிசையாகப் படுத்துவிட்டன. கரண்டுக் கம்பங்கள் ஒடிந்து கொல்லையில் கிடந்தன. செல்போன் டவரும் போய்விட்டது. விடிந்தபோது ஒன்றுமே நடக்காத மாதிரி வானம் வெளுத்து வெயில் சுள்ளென்று அடித்தது. எங்கள் பேனல்கள் எப்படியோ தப்பியிருந்தன. எட்டு மணிக்கெல்லாம் தெருவே போனும் சார்ஜருமாக என் வாசலில் நின்றது. ஒருத்தி குழந்தைக்குக் கஞ்சிக்கு அரைக்க மிக்சி ஜாரோடு வந்திருந்தாள். சுவிட்சைப் போட்டேன். ஒன்றும் வரவில்லை. வீட்டிலிருந்த எல்லா சுவிட்சையும் போட்டுப் பார்த்தேன். "வெயிலு இருந்தாப் போதும்னியே" என்றாள் அவள். கேலியாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அவள் நிஜமாகவே கேட்டாள். வாசலில் நிற்க முடியாமல் உள்ளே போய்விட்டேன்.

நாலாம் நாள், கம்பம் நட வெளியூரிலிருந்து வந்திருந்த லைன்மேன் ஒருவரைக் கூட்டிவந்து சோலார் பெட்டியைக் காட்டினேன்.

"லைன் செத்துட்டா இதுவும் தானா நின்னுரும்க்கா. இல்லன்னா உங்க வீட்டுக் கரண்டு கம்பி வழியா வந்து, மேல நின்னு வேல பாக்குற எங்கள அடிச்சிரும்."

"அப்ப கரண்டு போறப்பல்லாம் ஃபேன் ஓடுச்சே?"

அவர் மாடிப்படிக்கு அடியில் இருந்த பழைய இன்வெர்ட்டரைக் கைகாட்டினார். மாமியாருக்காக வாங்கிப் போட்டது, சோலார் வந்த பிறகு நான் மறந்தேபோனது. இத்தனை நாள் ஃபேனைச் சுற்றவைத்தது அதன் பேட்டரிதான். அதுவும் புயலடித்த இரவிலேயே தீர்ந்துவிட்டிருந்தது. தனியாக ஓடக் கூடாதென்று சோலார் பெட்டிக்கு ஒரு விதி இருக்கிறது. எனக்கு அப்படி யாரும் விதி போடவில்லை.

நான் உயிரோடிருக்கிறேன் என்று வீட்டுக்காரருக்குச் சொல்ல வழியில்லை. அதுதான் என்னைத் தின்றது. டிவியில் எங்கள் ஊர்ப் பக்கத்தைக் காட்டியிருப்பார்கள், பார்த்துவிட்டு மனிதர் என்ன பாடு படுகிறாரோ. தஞ்சாவூரிலிருந்து அரிசி கொண்டுவந்த லாரிக்காரரிடம் அவர் நம்பரை எழுதிக் கொடுத்து, "நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லிடுங்க" என்றேன். சொன்னாரா, மறந்தாரா, தெரியாது. வாடகை ஜெனரேட்டர் தெருவுக்கு வந்தபோது முதலில் போனுக்குச் சார்ஜ் ஏற்றினேன், அப்புறம்தான் தொட்டிக்குத் தண்ணீர். சிக்னல் இல்லாத போனை இடுப்பில் செருகிக்கொண்டே திரிந்தேன். அவர் கூப்பிடும் நேரம் வந்தால் கை வேலையை விட்டுவிட்டு அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். யூனிட் எத்தனை என்றாவது யாராவது என்னைக் கேட்க மாட்டார்களா என்றிருந்தது.

பதினோராம் நாள் உச்சிவெயிலில் கரண்டும் டவரும் அடுத்தடுத்து வந்தன. சோலார் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. நான் ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணினால் அவர் திருப்பிக் கூப்பிடுவது எங்கள் வழக்கம். விட்டுப் பார்த்தேன். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசப் பார்த்ததில் ரிங்கே போகவில்லை. இருபது தடவையாவது முயன்றிருப்பேன். சரி, அவரே கூப்பிடுவார் என்று சோறுகூட வடிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

வழக்கமான நேரத்துக்குத்தான் போன் அடித்தது.

"இன்னைக்கு அஞ்சு யூனிட் காட்டுது" என்றார்.

போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையில் அவர் பெயரை ஒரு தரம் பார்த்துக்கொண்டேன்.

"மத்தியானம் பாத்தேம்மா. பதினோரு நாளா ஜீரோவாவே இருந்துச்சு. யாருமே ஒரு சேதியும் சொல்லல. திடீர்னு ஓட ஆரம்பிச்சிருச்சு. சைட்ல இருந்த எல்லாருக்கும் போனக் காட்டுனேன். அழுதுட்டேன்."

"மத்தியானமே பாத்தீங்களா?"

"ஆமா."

"அப்ப ஏன் உடனே கூப்பிடல?"

"அதான் ஓடுதே. நீ நல்லா இருக்கேன்னு தெரிஞ்சுபோச்சு. சாயங்காலம் எப்பவும்போல பேசிக்கலாம்னு இருந்தேன்."

அவர் அழுதாரென்று கேட்டதும் எனக்கு மனம் இளகியிருக்க வேண்டும். கோபம்தான் வந்தது.

"அது வெயிலடிச்சா ஓடும்ங்க. லைன் இருந்தா ஓடும். உள்ள நான் செத்துக் கெடந்தாலும் ஓடும்."

போனை அவர் வைக்கவில்லை. அவர் அறையில் யாரோ தட்டு கழுவும் சத்தம் கேட்டது.

"அத நான் யோசிக்கவே இல்லம்மா" என்றார் கடைசியில்.

குரல் உடைந்திருந்தது. அவரைத் தேற்ற எனக்கு மனம் வரவில்லை. அடுத்து என்ன கேட்கப்போகிறார் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.