ஸ்டெல்லா அக்காவின் வாரம்

ஸ்டெல்லா அக்கா இறந்துவிட்டார் என்று அவர் மகள் ஃபோன் செய்தபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அது அக்கா வேலைக்குப் போகும் வாரம், அதனால் நான் வீட்டில் இருந்தேன். "ஆஃபீஸுக்குக் கிளம்பினாங்க ஆன்ட்டி. நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாங்க. அவ்வளவுதான்," என்றாள்.

இதைப் படிக்கும் உங்களில் அவரை அறிந்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். என்னைவிட அதிகம் பார்த்தவர்கள் நீங்கள்தான். விருத்தாசலத்தில் ஃப்யூஸுக்குப் பீங்கான் பாகங்கள் செய்யும் சிறிய கம்பெனியில் நாங்கள் இருவரும் எழுத்தர்கள். ஆரம்ப வருடங்களில் ஒரே மேசையில் சாப்பிடுவோம். தனியாக வாழும் எனக்குப் அப்போது பேச்சுத்துணை அந்த மதிய வேளை மட்டும்தான்.

ஆர்டர் குறைந்த ஒரு வருடம், ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். பேக்கிங்கின் இரண்டு ஷெட்டுகளும் வாரந்தோறும் 'ஆல்டர்னேட்' செய்யும் என்றிருந்தது. சூப்பர்வைசர் இரண்டாம் ஷெட் பெண்களிடம், "நீங்க ஆல்டர்னேட். அங்க ஆள் குறைஞ்சா கூப்பிடுறோம்," என்றுவிட்டார். பாதிப் பேர் கம்மாபுரம் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலத்தை இழந்தவர்கள். கேட்டருகே அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

அக்கா எழுந்து சூப்பர்வைசரிடம் போனார். "சார், ஒண்ணு இல்லன்னா இன்னொண்ணு, அதுக்கும் இந்த வார்த்தைதான். ஆனா இங்க வினைச்சொல்லா நிக்குது. இவங்க ஒரு வாரம், அவங்க ஒரு வாரம்னு படுது."

"எனக்கு அப்படிச் சொல்லலையேம்மா."

"நாம ஏன் சண்டை போடணும்? எழுதினவரையே கேட்டுடலாம், வாங்க."

முதலாளி அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். எதை நினைத்து எழுதினாரோ, எனக்கு இன்றுவரை தெரியாது. கடைசியில், "மாறி மாறித்தான்," என்றார். அக்கா கேட்டுக்குத் திரும்பி வந்து, "நீங்க யாருக்கும் பதில் ஆள் இல்ல. அடுத்த வாரம் உங்க வாரம். எழுந்திரிங்க," என்றார்.

சில மாதங்களில் அலுவலகத்துக்கும் ஒரே எழுத்தர் போதும் என்றானது. மூத்தவர் அக்கா; வெளியேற வேண்டியவள் நான். "எங்களுக்கும் அதே வார்த்தையைப் போடுங்க சார்," என்று கேட்டு வாங்கிவந்தார். "செல்வி, ஆளுக்குப் பாதி. சரியா?" சரி என்றேன். இனி ஒருவரையொருவர் பார்க்கமாட்டோம் என்பது அன்று இருவருக்கும் தோன்றவில்லை.

சனிக்கிழமை நான் எழுந்த நாற்காலியில் திங்கட்கிழமை அவர் உட்கார்ந்தார். ஞாயிறன்று அவருக்குச் சர்ச், பிறகு பேரக்குழந்தை. மேசை இழுப்பறையில் எனக்காக எலுமிச்சை ஊறுகாய் வைத்துவிட்டுப் போவார். நான் முறுக்கு வைப்பேன். ஒருமுறை அவர் வாரத்தில், ஏதோ சாக்குச் சொல்லி, அலுவலகம் போனேன். முதலாளி அங்கேயே இருந்ததால் பேச முடியவில்லை. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார் அக்கா. கம்பெனிக்கு எல்லா வாரமும் வருபவர்கள் எங்கள் இருவரையும் பார்த்தார்கள். நாங்கள் மட்டும் பார்த்துக்கொள்ளவில்லை. வேலை போகாமல் தப்பியதே என்ற நன்றி இருந்ததால், இந்தக் குறையை யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை.

அடக்கத்துக்கு இரண்டு ஷெட் பெண்களும் வந்திருந்தார்கள். வருடக்கணக்கில் ஒரே வேலை செய்தவர்கள், ஒருவர் முகம் ஒருவருக்குச் சரியாகத் தெரியவில்லை. பெயர் கேட்டுக்கொண்டார்கள்.

இப்போது எல்லா வாரமும் எனக்குத்தான். தனியாகச் சாப்பிட்டுவிட்டு டப்பாவைக் கழுவி வைக்கிறேன்.

சென்ற வாரம் பஸ்ஸில் பெண்ணாடத்து அம்மா ஒருவர் மருந்துச் சீட்டை நீட்டினார். "தெனமும் போடணுமாம்மா?" 'ஆல்டர்னேட் டேஸ்' என்பதுபோல் இருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாளாக இருக்கலாம். ஆனால் எழுத்து கிறுக்கல், உறுதியில்லை. பஸ் கிளம்பப்போனது.

"இறங்குங்கம்மா, எழுதின டாக்டரையே கேட்டுடலாம்," என்றேன்.

"உங்க பஸ்ஸு போயிடுமே?"

"போகட்டும்."

முன்பெல்லாம் நான் இறங்கியிருக்கமாட்டேன். ஸ்டெல்லா அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது இதுதான்.