மீதி ஆறு எழுத்து

ஆம்பூரில் நான் வேலை பார்த்த தோல் தொழிற்சாலையில், கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். ஊருக்கெல்லாம் ஷூவுக்குத் தோல் செய்கிற இடத்தில் முதலாளி முதல் எல்லோரும் வெறுங்காலோடு நிற்கும் ஒரே அறை அதுதான். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. கம்ப்யூட்டருக்கு இருந்த மரியாதையில் பாதி எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

நான் எழுதிய புரோகிராமின் வேலை சின்னதுதான். டையிங் மாஸ்டர், அதாவது சாயம் போடும் பிரிவின் தலைவர், எந்தத் தோலுக்கு எந்த நிறம் என்று துண்டுச் சீட்டில் கிறுக்கி அனுப்புவார். டைப்பிஸ்ட் அக்கா அதைப் பார்த்து கம்ப்யூட்டரில் அடிப்பார். அட்டை அச்சாகி, தோலுக்குச் சாயம் ஏற்றும் பெரிய டிரம்கள் ஓடும் கொட்டகைக்குப் போகும். அட்டையில் இருக்கிற நிறம்தான் டிரம்மில் விழும்.

நிறங்களோ நூற்றுக்கு மேல், பெயரெல்லாம் ஆங்கிலத்தில். அதனால் நிறத்தின் பெயரை அடிக்கிற கட்டத்தில் என் கைவரிசையைக் காட்டினேன். இரண்டு எழுத்து அடித்தால் போதும், மீதிப் பெயரைப் புரோகிராமே நிரப்பிவிடும். அதோடு விட்டேனா? கடைசியாக உபயோகித்த பெயர் முதலில் வரட்டும் என்று இன்னொரு புத்திசாலித்தனத்தையும் சேர்த்தேன். ஒற்றை விரலால் அடித்துக் காட்டி, ஆபீஸில் இருந்த அத்தனை பேரையும் கைதட்ட வைத்தேன். அக்கா மட்டும் தட்டவில்லை.

"எனக்கு எதுக்கு தம்பி? நான் முழுசாவே அடிச்சுக்கறேன்" என்றார்.

அக்கா டைப்ரைட்டிங்கில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் பாஸ். கண் காகிதத்தை விட்டு நகரக் கூடாது என்று இன்ஸ்டிடியூட்டில் ஸ்கேலால் தட்டிச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இருபது வருடமாக நகரவில்லை. திரை என்று ஒன்று எதிரே இருப்பதே அவருக்கு அநாவசியம். அவருடைய சர்ச்சின் மாத அறிக்கையை அவர்தான் அடிப்பார். அதில் ஒரு பிழை கண்டுபிடித்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பிரியாணி வாங்கித் தருவதாக ஆபீஸில் பந்தயமே உண்டு. யாரும் சாப்பிட்டதில்லை.

ஒரு வியாழக்கிழமை கொட்டகையிலிருந்து டையிங் மாஸ்டர் ஓடி வந்தார். கருப்பாக வர வேண்டிய ஒரு டிரம் தோல், பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் நிறத்தில் வந்திருந்தது. அவர் சீட்டில் 'பிளாக்'. அச்சான அட்டையில் 'பிளாக் செர்ரி'. கீழே அக்காவின் இனிஷியல்.

அட்டையைப் பார்த்த நொடியே எனக்கு விளங்கிவிட்டது. அன்று காலையில் ஒரு பிளாக் செர்ரி ஆர்டர் போயிருந்தது. அக்கா பிளாக் என்று அடித்ததும், என் புரோகிராம் தானாகப் பக்கத்தில் செர்ரியை ஒட்டியிருக்கிறது. திரையைப் பார்க்காமல் அக்கா என்டரைத் தட்டியிருக்கிறார். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயம், வேறொன்றுமில்லை.

"இன்னாம்மா இது? புத்தி எங்க இருந்துச்சு? இப்படியே போனா நான் வேற ஆளப் பார்க்கணும்" என்று முதலாளி சத்தம் போட்டார்.

"நான் அப்படி அடிக்கல சார்" என்றார் அக்கா. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, பிரின்டரில் பேப்பர் சரியாக இருக்கிறதா என்று ரொம்ப அக்கறையாகக் கவனித்தேன்.

மறுநாள் காலை முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "எங்க, என் கண்ணு முன்னாடி அதையே அடிம்மா."

அக்கா சீட்டை வைத்து, அதன் மேலேயே கண்ணை வைத்து அடித்தார். டக் டக் டக் டக் டக். என்டர். திரையில் பிளாக் செர்ரி.

முதலாளிக்குக் கம்ப்யூட்டரில் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் தோலை அடுக்கும்போது, முதுகைத் திருப்பிக்கொண்டு டீ குடித்தபடியே, விழுகிற சத்தத்தை வைத்துக் கணக்குச் சொல்கிறவர் அவர். திரைக்குக் குனிந்து விரல் வைத்து எண்ணினார்.

"அந்தம்மா தட்டுனது அஞ்சு. என்டரு தனி. மீதி ஆறு எழுத்து யாரு அடிச்சது?"

"நான்தான் சார்" என்றேன்.

திட்டு ஜாஸ்திதான். ஆனால் வேலை போகவில்லை. நிறம் தப்பிய தோலைக் கருப்பில் முக்கிவிடுவது ஆம்பூரில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். கருப்பாக வேண்டிய தோல் மறுபடி டிரம்முக்குப் போய்க் கருப்பாகவே திரும்பியது. முதலாளி அக்காவிடம், "மனசுல வெச்சுக்காதம்மா" என்றார். அக்கா என் பக்கம் திரும்பி, "உனக்கு நேத்தே தெரியும் இல்ல?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன்.

அன்றே புரோகிராமைத் திருத்தினேன். பெயர்கள் கட்டத்துக்குக் கீழே பட்டியலாக நிற்கும். கேட்டால் ஒழிய எதுவும் தானாக உள்ளே ஏறாது. அக்கா ஒருநாளும் கேட்கவில்லை.

ஆனால் ஒரு பழக்கம் மட்டும் புதிதாக வந்தது. பிளாக் என்று அடித்துவிட்டு, என்டரைத் தட்டுவதற்கு முன்னால் காகிதத்திலிருந்து கண்ணை எடுப்பார். திரையைப் பார்க்க மாட்டார், என்னைப் பார்ப்பார்.

"அஞ்சுதானே தம்பி?"

"அஞ்சுதான்க்கா."

நான் அங்கே இருந்த மூன்று வருடமும் ஆர்டரில் பாதி கருப்புதான்.