டீத்தூளில் பழசான ஊர்

என் மனைவி ஊசி, நூல், பொத்தான் எல்லாம் போட்டு வைத்திருப்பது ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில். அதன் மூடியில் ஒரு ஆங்கிலேயக் கிராமத்தின் படம். கோபுரம் வைத்த சர்ச், கல் பாலம், ஒரு பக்கம் சாய்ந்த பழைய சத்திரம், நடுவில் புல்வெளி, நாலைந்து வாத்துகள். போன வாரம் சட்டைப் பொத்தான் தேடி அதைத் திறந்தபோது, "இது எந்த ஊருப்பா, சூப்பரா இருக்கு" என்றாள் மகள்.

"இந்த ஊர நான் கட்டியிருக்கேன்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டு போனைப் பார்க்கப் போய்விட்டாள். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அபூர்வமாகப் பேசினாலும் இப்படித்தான் ஆகும். அதனால் உங்களிடம் எழுதிச் சொல்கிறேன்.

டப்பாவுக்குள் இன்னும் லேசாக வெண்ணெய் வாசனை இருக்கிறது. எனக்கு வந்தது என்னவோ டீ வாசனை. துபாயிலிருந்து அஜ்மான் போகிற வழியில் வெறும் மணலாகக் கிடந்த ஒரு இடத்தில், இரண்டாயிரத்துக்குப் பிறகு எல்லாரும் எதையாவது கட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு முதலாளிக்கு ஆங்கிலேயக் கிராமம் கட்டி, உள்ளே வில்லாக்களை விற்கலாம் என்று தோன்றியது. கல் எல்லாம் புதுசு. ஊர் மட்டும் ஐந்நூறு வருசப் பழசாகத் தெரிய வேண்டும். என் வேலை அதுதான். மூட்டை மூட்டையாக டீத்தூளை வேகவைத்து, ஆறியதும் துணியை அதில் தோய்த்துச் சுவரில் அடிப்பேன். பாசி பிடிக்கட்டும் என்று அதன்மேல் தயிர் பூசுவோம். அந்த வெயிலில் என்ன பாசி பிடிக்கும்? தயிர் காய்ந்து உரிந்து விழும். மறுபடி பூசுவோம். நாங்கள் தங்கியிருந்த கேம்ப்பில் எங்களுக்குப் பால் இல்லாத டீ, அதுவும் அரை கிளாஸ். "செவுருக்குப் பொறந்திருக்கலாம்டா" என்பான் என்னோடு வேலை செய்த சேலத்துக்காரன்.

அந்த ஊரில் எல்லாம் பார்வைக்குத்தான். கோபுரத்துக்குப் பின்னால் சர்ச் கிடையாது, டிரான்ஸ்பார்மர் ரூம்தான். கிணறு இடுப்பளவு ஆழம், அடியில் கறுப்புப் பெயின்ட். கோபுரத்துக் கடிகாரத்தில் மணி எப்போதும் பத்து பத்து. பார்க்க அழகாம். சாய்ந்த சத்திரத்தைச் சாய்வாகவே கட்டச் சொன்னபோது எங்கள் கொத்தனார்கள் சாமி குத்தம் ஆகிவிடும் என்று முனகினார்கள்.

கடைசியில் புல்வெளியில் வைக்க ஒரு சாமான் கேட்டார்கள். அளவு எதுவும் இல்லாத ஒரு போட்டோவைக் கொடுத்தார்கள். ஒரு பெஞ்சு. அதன் முன்னால் மேலும் கீழுமாக இரண்டு பலகை, நடுவில் காலை நுழைக்க ஓட்டைகள். "அந்தக் காலத்துல தப்பு பண்ணவன இதுல மாட்டி, ஊரே வேடிக்க பாக்குமாம்லே. தொழுமரம்னு பேரு" என்றார் ஃபோர்மேன் செல்லையா. நாங்குநேரிப் பக்கத்து ஆள். சிரித்த முகம். அவர் சிரித்தால் யாருக்கோ அன்றைக்குச் சம்பளம் பிடித்தம் என்று நாங்கள் தெரிந்து வைத்திருந்தோம்.

அதைச் செய்தவர் தச்சு வேலை பார்த்த பழனி அண்ணன். அரியலூர்ப் பக்கம், என் ரூமில் கீழ்க்கட்டில். அவர் செய்யும் பொருத்தில் ஈர்க்குச்சி நுழையாது. போட்டோவில் அளவு இல்லாததால் தன் கணுக்காலையே கயிற்றால் அளந்து ஓட்டை போட்டார். உள்பக்கம் உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்தார்.

"யாரு காலுக்குண்ணே இவ்ளோ பதமா இழைக்கிற?" என்று கேட்டேன்.

"எவன் காலா இருந்தா என்னடா. மரம் உரசுனா வலிக்குமுல்ல."

அந்த வாரம் அவருக்கு லீவு. தங்கச்சி மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தங்கைக்கு இவர் ஒருவர்தான் உடன்பிறப்பு. இவருக்கு லீவு கிடைக்காமல் இரண்டு தடவை தள்ளிப்போயிருந்தது. முடி இறக்காமல் வளர்ந்த குழந்தைக்குச் சடை பின்னுகிற அளவு ஆகிவிட்டது. 'மாமன் இல்லாத வீட்டுல பொண்ணெடுத்தோம்' என்று மாமியார் வீட்டில் குத்திக்காட்டுகிறார்கள் என்று தங்கை போனில் அழுததை ரூமே கேட்டது. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். வியாழக்கிழமை ராத்திரி பிளைட். சிவப்புக்கல் வைத்த குட்டித் தோட்டை எங்கள் எல்லாரிடமும் காட்டி, பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார்.

வியாழக்கிழமை சைட்டுக்கு அவர் வந்ததே சாமானை ஒப்படைத்துச் செல்லையாவிடம் கையெழுத்து வாங்கத்தான். அந்தக் கையெழுத்தோடு சைட் பிக்கப்பில் ஆபீஸ் போனால், கம்பெனி வாங்கி வைத்திருந்த பாஸ்போர்ட்டைத் தருவார்கள். சாயங்காலம் ஆபீஸ் பூட்டினால் இனி சனிக்கிழமைதான். டிக்கெட் வீணாகிவிடும், இன்னொன்று எடுக்கக் காசு இல்லை.

அன்றைக்குப் பார்த்து வில்லா வாங்குகிறவர்கள் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். "எலே பழனி, நீ செஞ்ச சாமான நீயே திறந்து வையி. ஒரே ஒரு போட்டோ. இறங்குனதும் கையெழுத்து" என்றார் செல்லையா. அண்ணன் சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்தார். பலகை கச்சிதமாக மூடியது. துபாய் சத்வா கடைத்தெருவில் வாங்கி வந்திருந்த பெரிய இரும்புப் பூட்டைச் செல்லையா மாட்டினார். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார், அண்ணன் சிரித்தார். அந்தக் காலத்தில் அழுகின தக்காளியால் அடிப்பார்கள் என்று விற்பனை ஆள் விளக்க, ஒரு குழந்தை பாப்கார்னை எடுத்து அண்ணன் மூஞ்சியில் எறிந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு மற்றக் குழந்தைகளும் எறிந்தன. செல்லையா சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, அவர்களோடு ஏசி டென்ட்டுக்குள் போய்விட்டார்.

"மணி என்னடா?" என்றார் அண்ணன். எதிரே கோபுரக் கடிகாரத்தில் பத்து பத்து.

காலை உருவிப் பார்த்தார். அரை விரல் இடைவெளி விட்டுச் செய்திருந்தால் வந்திருக்கும். டென்ட் வாசலில் போய் நின்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சார், அண்ணனுக்கு பிளைட்டு..."

"கஸ்டமர் இருக்கும்போது என்னலே பிளைட்டு? இன்னொரு குரூப் வருது. நீயும் வேணா ஒரு கால நீட்டுறியா?"

திரும்பி வந்து, "கடப்பாரையால நெம்பிடுவோம்ணே" என்றேன்.

"வேணாம்டா. ஒடச்சா கையெழுத்து போட மாட்டான்."

மறுபடியும் மணி கேட்டார். நான் சொன்னேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை. பாலத்தைத் தாண்டி பிக்கப் போவது அங்கிருந்தே தெரிந்தது.

செல்லையா வந்து பூட்டைத் திறந்தபோது சிரித்தார். "கோவிச்சுக்காதலே. சனிக்கிழம வாங்கிக்க. காதுதான, எங்க ஓடிரும்?" கையெழுத்தையும் போட்டுக் கொடுத்தார். அண்ணனால் உடனே எழுந்து நிற்க முடியவில்லை. கால் மரத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரூமிலிருந்து தங்கைக்குப் போன் போட்டார். பின்னால் மேளச் சத்தம் எங்களுக்கே கேட்டது. பெரியப்பா மகன் ஒருவர் உட்கார்ந்தாராம்.

"மடி கெடச்சிருச்சு. நீ வேலயப் பாரு" என்று வைத்துவிட்டாள்.

அண்ணன் அந்த லீவையே ரத்து பண்ணிவிட்டார். விளம்பரப் புத்தகம் அச்சாகி வந்தபோது முதல் பக்கத்திலேயே அந்தப் போட்டோ. பின்னால் கோபுரம், முன்னால் தொழுமரத்தில் சிரிக்கிற பழனி அண்ணன். கேம்ப்பில் யாரோ அதைக் கிழித்துப் பாத்ரூம் கதவில் ஒட்டினார்கள். கீழே 'காது குத்தியாச்சு' என்று எழுதியிருந்தது. எழுதியவர்கள் எங்கள் ஆட்கள்தான்.

பிறகு ஒரு வருசம் வில்லா வாங்க ஆள் வரவில்லை. முதலாளி தலைமறைவு. சம்பளம் நின்றது, கடைசியில் கேஸ் சிலிண்டரும் நின்றது. கிராமத்தைப் பிரித்து அடுப்பெரித்தோம். சத்திரத்து ஜன்னல் ஒரு நாள் சோறு, கதவு ஒரு நாள் சோறு. ஒரு வெள்ளிக்கிழமை தொழுமரத்தின் முறை வந்தது. பழனி அண்ணனே கோடாலியை எடுத்தார். அவர் போட்ட பொருத்து அவருக்கே சுலபத்தில் பிரியவில்லை.

அன்றைக்குக் கஞ்சிக்குத் தட்டோடு வந்தவர்களில் செல்லையாவும் ஒருவர். அவருக்கும் சம்பளம் இல்லை. காரை பேங்க் தூக்கிக்கொண்டு போயிருந்தது. அண்ணன் அகப்பை நிறைய ஊற்றினார்.

"உக்காந்து சாப்பிடுங்க சார். போட்டோ புடிக்கத்தான் ஆளு இல்ல."

செல்லையா நின்றுகொண்டே குடித்தார். அண்ணன் அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்தார். இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்கவில்லை.

சில வருசம் கழித்து வேறு கம்பெனி விசாவில் மறுபடி துபாய் போனேன். அஜ்மான் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தேடிப் பார்த்தேன். கோபுரம் இல்லை, பாலம் இல்லை, நான் டீ ஊற்றி வளர்த்த சுவர் ஒன்றுகூட இல்லை. லாரிகள் வரிசையாக நின்றன. பக்கத்து சீட்டுக்காரரிடம் இங்கே ஒரு ஊர் இருந்தது என்று சொல்ல வாயெடுத்து, வெட்கப்பட்டு விட்டுவிட்டேன்.

பழனி அண்ணன் தங்கை மகளுக்குப் போன தை மாதம் கல்யாணம் ஆனதாக அரியலூர்ப் பையன் ஒருவன் சொன்னான். பத்திரிகையில் தாய்மாமன் என்று போட்டு, அன்றைக்கு மடி கொடுத்தவர் பெயர் இருந்ததாம்.