பார்க்காத சாதகம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நானும் தங்கச்சியும் சனிக்கிழமைகளில், புலம்பெயர்ந்து வந்த வால்தம்ஸ்டோவில் ஆங்கிலம் படிக்கப் போனோம். ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாற்பத்தைந்து வயதில் பென்சில் பிடிக்கக் கூச்சம். வகுப்பில் கடைசி வாங்குப் பலகையில் இருப்பேன்.

சொல்லித்தந்தவர் ஒரு வங்காளி ரீச்சர். சால்வை போர்த்திய, அகன்ற நெற்றிக்காரர் ஒருவரின் படத்தைச் சுவரில் மாட்டியிருந்தார். ஒருநாள் படத்திலிருந்த அந்தப் பழைய காலத்து வங்காளிப் பெரியவரைப் பற்றியே பாடம். சிறுவயதில் தகப்பனோடு கல்கத்தாவுக்கு நடந்தபோது மைல்கற்களைப் பார்த்தே ஆங்கில எண்களைப் படித்தாராம். பிறகு பிள்ளைகளுக்கு அரிச்சுவடி எழுதினாராம். பெண்களுக்குப் பள்ளிக்கூடங்கள் திறந்தாராம். நானும் பஸ் நம்பர்களைப் பார்த்துப் படித்தவன்தான். அதுவரை சந்தோஷமாகக் கேட்டேன்.

விதவைகள் மறுமணம் செய்யச் சட்டம் வரவேண்டுமென்று பாடுபட்டவர், தன் ஒரே மகனுக்கும் ஒரு விதவையையே கட்டிவைத்தார் என்று ரீச்சர் சொன்னார். நான் சுவரிலிருந்த படத்தைப் பார்க்காமல் பென்சிலைச் சீவத் தொடங்கினேன்.

தங்கச்சியின் புருஷன் ஷெல் விழுந்து இறந்து ஆறு வருடம். முன்பு என்னோடு பேக்கரியில் வேலை செய்த ஒருவர் அவளைப் பெண் கேட்டிருந்தார். கோவிலில் சனம் என்ன கதைக்குமோ என்று எனக்குப் பயம். முகத்துக்கு நேரே மறுக்க வாய் வரவில்லை. எங்கள் ஆட்கள் வழக்கமாகச் சொல்வதையே சொன்னேன்: சாதகம் பொருந்தவில்லை. தங்கச்சியிடமும் அதையே சொன்னேன்.

வகுப்பு முடிந்து பஸ்ஸுக்கு நின்றோம்.

"அண்ணை, ஒண்டு கேக்கட்டோ?"

"கேளன்."

"என்ர எந்தச் சாதகத்தைப் பாத்தனீங்கள்? அது ஊரிலை வீட்டோடை எரிஞ்சு போச்செல்லே."

பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

"உங்களுக்குப் பொய்யும் ஒழுங்காச் சொல்லத் தெரியாது," என்றாள்.

"உனக்கு... விருப்பமோ?"

"சாதகத்திட்டைக் கேளுங்கோ." அடுத்த பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "ஓம்," என்றாள்.

அடுத்த நாள், பெண் கேட்டவர் இருந்த மிச்சம் என்ற ஊருக்குப் பஸ்ஸில் போனேன். ஒவ்வொரு தரிப்பிலும் இறங்கித் திரும்பிவிடலாமா என்றிருந்தது. கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்துத் திகைத்தார்.

"என்னண்ணை, இஞ்சாலை?"

"சாதகம் நான் பாக்கேல்லை. பாக்கிறதுக்கு ஒண்டும் இருக்கேல்லை. பொய் சொன்னனான். அவவுக்கு விருப்பம்."

உள்ளே போனார். கதவு திறந்தே கிடந்தது. போவதா, நிற்பதா என்று தெரியாமல் கால்மிதியில் சப்பாத்தைத் தேய்த்துக்கொண்டே நின்றேன்.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோவன்," என்று குசினியிலிருந்து குரல் வந்தது. "தேத்தண்ணிக்குச் சீனி எத்தினை கரண்டி?"